பந்து எறிய ஆட்கள் தேவை

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் மின்கம்பம், மேம்பாலத் தூண், டீக்கடைச் சுவர் எதையும் விட்டுவைக்காமல் ஒட்டியிருப்பார்கள்: ‘ஆட்கள் தேவை. வயது 18 முதல் 28. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிளஸ் டூ. அரியர் இருந்தாலும் பரவாயில்லை. பஸ், கேன்டீன், ரூம் உண்டு.’ கீழே ஒரு செல்போன் எண், பாதி கிழிந்திருக்கும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று ஊர் மாறுமே தவிர நோட்டீஸ் மாறாது. போல்ட் முறுக்கக் கை வேண்டும், பெயின்ட் அடிக்கக் கை வேண்டும், போர்டில் சில்லு சொருகக் கை வேண்டும். பந்து எறியக் கை வேண்டும் என்று மட்டும் இதுவரை யாரும் ஒட்டியதில்லை.

ஒட்டியிருக்க வேண்டும். இந்தத் தடத்தில் கடை விரித்த பெரிய முதலாளிகள் பலர் சொந்த ஊரில் பேஸ்பால் பைத்தியங்கள். ஹூண்டாய் அணி வைத்திருந்தது. சாம்சங்குக்கு இன்றும் இருக்கிறது. லோட்டேக்கு இருக்கிறது. நிசானுக்கு இருந்து, போய், திரும்பி வந்திருக்கிறது. புது சீசன் நெருங்கினால் அந்த ஊர்ப் பத்திரிகைகளில் வேறு பேச்சே கிடையாது: இந்த வருஷம் எறிய யார் இருக்கிறார்கள், போன வருஷத் தோள்வலி தீர்ந்ததா, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பையனின் வேகம் எத்தனை. சரி, நாமும் ஒரகடம் வட்டாரத்துக்கு அப்படியொரு நிலவரம் எழுதிப் பார்ப்போம். அணி கிடையாது, மைதானம் கிடையாது, சீசனும் கிடையாது. ஆனால் வரலாறு ஏராளம்.

பேஸ்பால் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பிட்சர் என்பவர் நம் பௌலருக்குச் சித்தப்பா மகன் முறை. ஓடிவர மாட்டார். பத்து அங்குல மேட்டில் நின்று, ஒரு காலைத் தூக்கி, முழங்கையைத் தாராளமாக மடக்கி, 18.44 மீட்டர் தூரத்தில் நிற்பவனை நோக்கி எறிவார். கிரிக்கெட்டில் இப்படி எறிந்தால் நோபால் கொடுத்து, முழங்கையை ஆய்வுக்கூடத்தில் அளந்து, முரளிதரனைப் படுத்திய பாடு படுத்துவார்கள். அங்கே மாலை போட்டுச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மேட்டில் நின்று எறிவது என்று பார்த்தால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்அனுபவம் உண்டு. 1017-இல் அங்கே பிறந்த ஒருவர், ஒரு மந்திரத்தைக் கற்றுக்கொள்வதற்காக ஸ்ரீரங்கத்துக்கும் திருக்கோஷ்டியூருக்கும் பதினெட்டு முறை நடந்தார் என்கிறது குருபரம்பரை. பதினேழு முறை ‘அப்புறம் வா’. இன்றைக்கு கன்சல்டன்சி ஆபீஸ்களில் நடப்பதற்கு அதுதான் முன்மாதிரி போலும். பதினெட்டாம் முறை கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: வெளியே சொன்னால் நரகம். ராமானுஜர் நேரே கோயில் உச்சிக்கு ஏறினார். கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்து மொத்தத்தையும் எறிந்துவிட்டார். தகுதி, சாதி, கட்டணம், நுழைவுத்தேர்வு ஒன்றும் கேட்கவில்லை. பத்து அங்குல மேட்டுக்கே பெருமை பேசுகிறவர்கள் இந்த உயரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

அதற்கும் முன்னால் போனால் சங்கப் பாட்டுக் குறவர்கள் கவண் கல்லால் தினைப்புனத்து யானையை விரட்டிக்கொண்டிருந்தார்கள். யானையை! ஸ்டிரைக் ஸோன் என்று பார்த்தால் அதைவிடப் பெரிய இலக்கு கிடையாது, உண்மைதான். ஆனால் தவறினால் யானை திரும்பி வரும், அம்பயர் வரமாட்டார். வள்ளியும் பரண்மேல் நின்று கவண் சுற்றியவள்தான். அவளுடைய கட்டுப்பாட்டைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு, கிழவர் வேஷத்தில் வந்தவர் அத்தனை கிட்டே வரும்வரை ஒரு கல்கூட மேலே படவில்லையே. தெற்கே சிவகங்கைச் சீமையில் வளரி எறிந்தார்கள். ஆக மொத்தம், எறிவதில் நமக்குப் பரம்பரைக் குறை எதுவும் இல்லை. தேடிவந்து பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தேடிவர வேண்டியவர் ஒருவர் மிக அருகில் வந்தார். ஆல்பர்ட் ஸ்பால்டிங், முன்னாள் பிட்சர், பின்னாள் பந்து வியாபாரி. உலகம் முழுக்க பேஸ்பாலைப் பரப்பினால் உலகம் முழுக்கப் பந்து விற்கலாம் என்ற எளிய தத்துவத்தோடு இரண்டு அணிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு 1888-இல் சிகாகோவிலிருந்து கிளம்பினார். ஆஸ்திரேலியாவில் ஆடினார்கள். 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கி அங்கேயும் ஒரு ஆட்டம் போட்டார்கள். இலங்கைத் தமிழர்களும் சிங்களவர்களும் வெள்ளைக்காரர்களும் சேர்ந்து நின்று, இது என்ன கூத்து என்று பார்த்தார்கள். அங்கிருந்து மதராஸ் எவ்வளவு தூரம்? எட்டிப் பார்க்கவில்லை. கப்பல் நேரே எகிப்துக்குப் போய்விட்டது. அங்கே பிரமிடுகளுக்குப் பக்கத்தில் ஆடினார்கள், அதோடு நில்லாமல் ஸ்பிங்ஸ் சிலையின் கண்ணைக் குறிவைத்துப் பந்தெறியும் போட்டியும் நடத்தினார்கள். நல்லவேளை, மகாபலிபுரம் தப்பியது என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

அதன்பின் கிட்டத்தட்ட ஒரு நூறாண்டுக்கு இந்தப் பக்கம் ஏரியும் வேர்க்கடலையும் நெல்லும்தான். 1985-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா இன்ஜினியரிங் கல்லூரி பென்னலூருக்கு வந்தது. பிறகு வரிசையாக மற்றவை வந்தன. கல்லூரி இருக்கிறது, பையன்கள் இருக்கிறார்கள், மைதானம்கூட இருக்கிறது. 1996-இல் கொரியாவிலிருந்து ஹூண்டாய் வந்து இருங்காட்டுக்கோட்டையில் இடம் பிடித்தது. சீசன் தொடங்க வேண்டியதுதானே பாக்கி?

1996-ஆம் வருஷத்தைக் கவனியுங்கள். அதே வருஷம்தான் ஹூண்டாய் குழுமம் கொரியாவில் தான் விலைக்கு வாங்கியிருந்த ஒரு பேஸ்பால் அணியை, ‘யூனிகார்ன்ஸ்’ என்று பெயர் மாற்றிக் களத்தில் இறக்கியது. இருங்காட்டுக்கோட்டையில் கட்டடம் எழும்ப எழும்ப அங்கே அணியும் எழும்பியது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ கார் வெளிவந்தது. ஷாருக் கான் வந்து விளம்பரத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அடுத்த மாதமே யூனிகார்ன்ஸ் எல்ஜி ட்வின்ஸை நாலுக்கு இரண்டு என்று வீழ்த்தி முதல் கோப்பையைத் தூக்கியது. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் சோங் மின்-டே, பிட்சர். கொரியாவின் பொருளாதாரம் அப்போது ஐ.எம்.எஃப். வாசலில் துண்டு விரித்துக்கொண்டிருந்தது. கார் விற்கவேண்டும், கடன் கட்டவேண்டும், ஆனாலும் பந்து எறிகிறவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. இங்கே இருங்காட்டுக்கோட்டை வாசலில் நின்ற டிப்ளமோ பையன்களில் யாராவது ஒருவனிடம், ‘தம்பி, அந்தக் கம்பத்தைக் கல்லால் அடி பார்ப்போம்’ என்று ஒரு மேனேஜர் சொல்லியிருந்தால் வரலாறு மாறியிருக்கும். அடித்துக் காட்டியிருப்பான். அதற்குப் பதில் உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன என்று கேட்டார்கள். பலம்: கடின உழைப்பு. பலவீனம்: அளவுக்கு மீறிய கடின உழைப்பு. உலகம் முழுக்க இதற்கு ஒரே பதில்தான்.

கொரியாவில் தொழில்முறை பேஸ்பால் பிறந்த கதையும் சுவாரஸ்யமானது. 1980-இல் குவாங்ஜு நகரில் சொந்த மக்களையே சுட்ட ராணுவ ஆட்சியாளர் சுன் டூ-ஹ்வான். மக்கள் அரசியல் பேசாமல் இருக்கவேண்டும், அதற்கு வேறு ஏதாவது பேசக் கொடுக்கவேண்டும். நம் ஊர் ஆட்சிகளுக்கு இந்த ரகசியம் புதிதல்ல. பெரிய கம்பெனிகளை அழைத்து ஆளுக்கொரு அணி என்று ஏற்பாடாயிற்று. 1982 மார்ச் 27 அன்று சோல் நகரில் முதல் பந்தை அவரே எறிந்தார். முதல் ஆட்டத்தில் சாம்சங் லயன்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் எதிராளியின் கிராண்ட் ஸ்லாம் அடியில் தோற்றது. அது தொடக்கம்தான். சாம்சங் தோற்ற வரலாறு அதைவிட ருசியானது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1984. அப்போது சீசன் இரண்டு பாதி. முதல் பாதியில் ஜெயித்தவரும் இரண்டாம் பாதியில் ஜெயித்தவரும் இறுதித் தொடரில் மோதுவார்கள். முதல் பாதியை சாம்சங் ஜெயித்துவிட்டது. இரண்டாம் பாதி முடியும் நேரத்தில் சாம்சங் உட்கார்ந்து கணக்குப் போட்டது: ஓபி பேர்ஸ் வந்தால் கஷ்டம், லோட்டே வந்தால் சுலபம். எனவே லோட்டேயை உள்ளே இழுப்போம். கடைசி ஆட்டங்களில் லோட்டேயிடம் வேண்டுமென்றே தோற்றார்கள். மறைத்துச் செய்யவும் தெரியவில்லை, பார்த்த குழந்தைக்கும் புரிந்தது. போதாதென்று, தங்கள் அணியின் லீ மான்-சூ பேட்டிங் பட்டம் வாங்கவேண்டும் என்பதற்காக, அவரோடு போட்டியிலிருந்த லோட்டே ஆட்டக்காரர் ஹாங் மூன்-ஜோங்குக்கு அடிக்கவே பந்து போடாமல் தொடர்ந்து ஒன்பது முறை முதல் தளத்துக்குச் சும்மா நடக்கவிட்டார்கள். ஒன்பது முறை! மனிதர் வாக்கிங் போகவா மைதானத்துக்கு வந்தார்?

ஆசைப்பட்டபடியே லோட்டே இறுதித் தொடருக்கு வந்தது. வரும்போது சோய் டோங்-வொன் என்று ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தது. தடித்த கண்ணாடி போட்ட பிட்சர். அந்த சீசனில் மட்டும் 27 வெற்றி, 223 ஸ்டிரைக்-அவுட். லோட்டேயிடம் வேறு சரக்கு அதிகமில்லை, எனவே முதல் ஆட்டம் சோய், மூன்றாவது சோய், ஐந்தாவது சோய், ஆறாவதில் பாதியில் வந்தவர் சோய், ஏழாவது மறுபடி சோய். பத்தே நாளில் 40 இன்னிங்ஸ். நாலு வெற்றி, ஒரு தோல்வி. நாலும் அவர் பெயரில். லோட்டேக்கு முதல் கோப்பை. சாம்சங்கின் கணக்குப்பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று வரலாறு சொல்லவில்லை. லீ மான்-சூவுக்கு பேட்டிங் பட்டம் கிடைத்தது. ஆனால் சிறந்த ஆட்டக்காரர் விருது சோய்க்குப் போயிற்று.

லோட்டேயின் சோக்கோ பை இன்று நேமத்தில் தயாராகிறது. சாம்சங்கின் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2007-லிருந்து சுங்குவார்சத்திரத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு பஸ், அவ்வளவு தூரம்தான். பழைய பகையை இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்த்துக்கொண்டிருக்கலாம். சாம்சங் பிளான்ட்டுக்கும் லோட்டே பிளான்ட்டுக்கும் ஒரு ஆட்டம், வெற்றிபெறும் ஷிஃப்ட்டுக்கு பிரியாணி. செய்யவில்லை.

சோய் கதை 1984-இல் முடியவில்லை. 1988-இல் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும், அடிபட்டு உட்கார்ந்தவனுக்கும் சம்பளம் குறைந்தவனுக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்தார். முதலாளிகளுக்கு வேர்த்தது. தனக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்த மனிதரை லோட்டே என்ன செய்தது தெரியுமா? வேறு அணிக்கு மாற்றிவிட்டது. எந்த அணி? சாம்சங். சங்கம் என்ற சொல்லையே வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்த குழுமம். நம் அரசு ஊழியர்களுக்கு இது புரியும். கேள்வி கேட்டால் தண்ணியில்லாக் காட்டுக்கு டிரான்ஸ்பர். இரண்டு சீசனில் அவருடைய ஆட்டம் முடிந்தது. 2011-இல் காலமானார். பூசான் மைதானத்துக்கு வெளியே லோட்டே ரசிகர்களுக்காகச் சிலையாக நின்று இன்னும் எறிந்துகொண்டிருக்கிறார்.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான சாம்சங் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பந்தலில் உட்கார்ந்தார்கள். கேட்டதில் முதன்மையானது சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. முப்பத்தேழு நாள். பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. அந்தப் பந்தலில் இருந்த யாருக்கும் சோய் டோங்-வொன் என்ற பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. கம்பெனிக்காரர்கள் தங்கள் விளம்பரப் படத்தைக் கொண்டுவருவார்கள், காலை உடற்பயிற்சியைக் கொண்டுவருவார்கள், கம்பெனிப் பாட்டைக்கூடக் கொண்டுவருவார்கள். தங்கள் பிட்சர்களை மட்டும் ஊரிலேயே பூட்டிவிட்டு வருவார்கள். காரணம் இல்லாமல் இருக்காது.

கொரியர்கள் போகட்டும், பின்லாந்துக்காரர்களைப் பார்ப்போம். பின்லாந்துக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். அவர்களுக்கென்றே ஒரு பேஸ்பால் உண்டு, பெயர் பெசாபல்லோ. லௌரி பிஹ்கலா என்பவர் அமெரிக்க ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து 1920-களில் உருவாக்கியது, அவர்களுடைய தேசிய விளையாட்டு. அதில் பிட்சர் பந்தை முன்னால் எறிய மாட்டார். அடிக்கிறவனுக்குப் பக்கத்திலேயே நின்று செங்குத்தாக மேலே போடுவார், தலைக்கு மேல் ஒரு மீட்டராவது போகவேண்டும். போட்டதும் சட்டென்று விலகிவிடுவார். கீழே வருவதை அடிப்பது மற்றவன் பாடு.

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. ஊர் மேலே போயிற்று, நிலத்தின் விலை அதைவிட மேலே போயிற்று. செய்யாறு, வந்தவாசி, ராணிப்பேட்டைப் பெண்கள் நீலக் கோட்டு போட்டு முதல் சம்பளம் வாங்கினார்கள். ஆயிரக்கணக்கில் கல்யாணச் செலவும் தம்பிகளின் கல்லூரிக் கட்டணமும் அந்த லைனில்தான் தயாரானது. பிறகு வரி வழக்கு, மைக்ரோசாஃப்டுக்கு விற்பனை, அதில் இந்தத் தொழிற்சாலை மட்டும் சேராமல் போனது. 2014 நவம்பர் 1-இல் கதவை மூடினார்கள். மேலே போட்டார்கள், விலகிக்கொண்டார்கள். பின்லாந்து ஆட்டத்தின் விதிகளை இந்த வட்டாரம் அறிந்த அளவுக்கு ஹெல்சிங்கியும் அறிந்திருக்காது.

பிரெஞ்சுக்காரர்கள் விஷயத்தில் வருத்தமில்லை. செயின்ட்-கோபேன் 2000-த்தில் இங்கே கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கியது. தெருவில் பந்து விளையாடும் நாட்டில் ஜன்னல் கண்ணாடி வியாபாரம் படுக்காது என்று சரியாகவே கணித்தார்கள்.

இனி 2008. ஒரகடம் அணிக்கு அந்த சீசனைவிட நல்ல சீசன் அமைந்திருக்காது, ஆனாலும் எல்லாம் வேறெங்கோ நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற விளையாட்டு ஏஜென்ட் வேகமானியோடு இந்தியா வந்தார். நூறு கோடி ஜனத்தொகையில் ஒரு பிட்சராவது கிடைக்காமல் போவானா என்ற நியாயமான கேள்வியோடு ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று ஒரு போட்டி வைத்தார். வந்து எறியுங்கள், வேகமாக எறிகிறவனுக்குப் பரிசு. 37,000 பேருக்கு மேல் எறிந்தார்கள். ஜெயித்தவர் ரிங்கு சிங், மணிக்கு 87 மைல், கிரிக்கெட் கணக்கில் 140 கிலோமீட்டர். இரண்டாவது தினேஷ் படேல். இருவரும் லக்னோவில் குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. ஈட்டி போய்ப் பந்து வந்தது, கையிலிருந்து விடவேண்டியதுதானே என்று விட்டார்கள்.

லாஸ் ஏஞ்சலஸுக்குக் கூட்டிப்போனார்கள். டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளர் ஆறேழு மாதத்தில் பிட்சர் ஆக்கினார். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஜூலையில் ரிங்கு அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஆடிய முதல் இந்தியர் ஆனார், அடிமட்ட லீக்கில்தான், ஆனாலும் முதல்வர். தினேஷ் 2010-ஓடு திரும்பி வந்து மறுபடி ஈட்டியை எடுத்தார். ரிங்குவுக்குக் காயத்துக்கு மேல் காயம். கடைசியில் பந்தை வைத்துவிட்டு டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்தில் சேர்ந்து, வீர் மஹான் என்ற பெயரில் மனிதர்களைத் தூக்கி எறிந்தார். எறிவது என்னவோ நிற்கவில்லை. 2014-இல் டிஸ்னி படமாக எடுத்தது. இசை ஏ.ஆர். ரஹ்மான். ஆக, இந்த முழு விவகாரத்தில் சென்னைக்குக் கிடைத்த பங்கு பின்னணி இசை.

அதே 2008-இல், ஹூண்டாயின் யூனிகார்ன்ஸ் வாங்க ஆளில்லாமல் கலைந்தது. நாலு கோப்பை வாங்கிய அணி. அதே 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் ஜப்பானின் யுகிகோ உயேனோ இரண்டே நாளில், மூன்று சாஃப்ட்பால் ஆட்டங்களில், 413 பந்து எறிந்து அமெரிக்காவை வீழ்த்தித் தங்கம் வாங்கினார். முதல் நாள் இரண்டு ஆட்டம், அதில் ஒன்று 12 இன்னிங்ஸ். அவர் எந்த அணிக்காரர்? ரெனெசாஸ் டெக்னாலஜி, தாகாசாகி. செமிகண்டக்டர் சில்லு செய்யும் கம்பெனியின் தொழிற்சாலை அணி.

நான் இந்த இடத்தில்தான் தலையில் கைவைத்துக்கொள்கிறேன். சில்லு சொருகும் பெண்கள் நம்மிடம் எத்தனை ஆயிரம் பேர்! நோக்கியா லைனில், பாக்ஸ்கான் லைனில், ஹாஸ்டல் ஹாஸ்டலாக. சி ஷிஃப்ட் முடித்துக் காலை ஆறு மணிக்குப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகும் அந்தப் பெண்களில் பாதிப்பேர் சின்ன வயதில் கடலைக்கொல்லையில் காக்கா ஓட்டியவர்கள், புளியமரத்தில் உச்சிக்கிளைக் காயைக் குறிவைத்து விழுத்தியவர்கள். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஆயிரம் முறை ஒரே அசைவைச் செய்த மணிக்கட்டு! 413 என்ற எண்ணைக் கேட்டால் டீ பிரேக்குக்கு முன்னாடியா, பின்னாடியா என்று கேட்பார்கள். பாக்ஸ்கானின் தாய்நாடான தைவான், 1969 முதல் 1996 வரை பதினேழு முறை சிறுவர் பேஸ்பால் உலகப் பட்டம் வென்ற தேசம். பந்தெறியும் கையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள். இங்கே அவர்கள் பார்த்தது கை வேகமாகச் சொருகுகிறதா என்பதை மட்டும்.

சரி, நாம் மட்டும் எறிபவர்களைத் தேடவே இல்லையா என்றால், தேடினோம். எம்.ஆர்.எஃப். 1987-இல் சென்னையில் வேகப்பந்துப் பயிற்சிக்கூடம் வைத்தது. 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்து தொடங்கிய கம்பெனி, டயருக்கு வந்து, அங்கிருந்து டென்னிஸ் லில்லிக்கு வந்தது. சேத்துப்பட்டில் நாடு முழுவதும் இருந்து பையன்களைக் கூட்டிவைத்து லில்லி சோதித்தார். அதில் ஒரு குட்டையான மும்பைப் பையனைப் பார்த்து, வேகப்பந்தெல்லாம் வேண்டாம், போய் மட்டையைப் பிடி என்றார். டெண்டுல்கர் சொன்னபடி செய்தார். எறியத் தேடினால் அடிக்கிறவன் கிடைப்பது நம் நாட்டு ராசி. டயர் கம்பெனிக்கும் எறிகிறவனுக்கும் பொருத்தம் உண்டு என்றால், அப்போலோவும் ஒரகடத்தில்தான் டயர் செய்கிறது, ஜே.கே.வும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செய்கிறது. வேகம் மட்டும் சேத்துப்பட்டோடு நின்றுவிட்டது.

சேலம் சின்னப்பம்பட்டியில் ரப்பர் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜன், 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார், ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடினார். டென்னிஸ் பந்தை மட்டமாக நினைக்க வேண்டாம். ஜப்பானின் ஹிடியோ நோமோ, இரும்புக் கம்பெனி அணியில் இருந்தபோது, ஃபோர்க்பால் என்ற வகைப் பந்தை எறிய விரல்கள் விரியவேண்டும் என்று இரவில் விரலிடுக்கில் டென்னிஸ் பந்தை வைத்து டேப் சுற்றிக்கொண்டு தூங்கினார் என்பார்கள். 1995-இல் அமெரிக்கா போய் சிறந்த புதுமுகம் ஆனார். வல்லத்திலும் மாத்தூரிலும் ஞாயிற்றுக்கிழமை கோப்பை, ஒரு ஆடு, 5001 ரூபாய்ப் பரிசுக்கு டென்னிஸ் பந்து வீசும் கை எதுவும் அதற்குக் குறைந்ததில்லை என்பது என் கட்சி.

ஜப்பானியர் கதையை முடிக்காமல் விட்டால் பாவம். நிசானின் அணி ஊழியர்களின் அணி. காலையில் கம்பெனி வேலை, மதியம் பயிற்சி. 1984, 1998 என இரண்டு முறை டோக்கியோவில் நகரங்களுக்கிடையேயான கம்பெனிப் போட்டியை ஜெயித்தவர்கள். 2008 நெருக்கடி வந்தது. நிசான் தலைவர் கார்லோஸ் கோன் கத்தரிக்கோலை எடுத்தார், 2009-ஓடு அணிக்கு மூடுவிழா. சில மாதத்தில், 2010 மார்ச்சில், ஒரகடத்தில் ரெனோவோடு சேர்ந்து பளபளவென்று தொழிற்சாலையைத் திறந்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து 2025 மார்ச்சில், ஒரகடத்தில் இருந்த தன் 51 சதவீதப் பங்கை ரெனோவுக்கே கொடுத்துவிடுவதாக நிசான் அறிவித்தது. அதே 2025-இல் ஜப்பானில் பேஸ்பால் அணிக்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஒரகடம் வந்தால் அணி போகிறது, ஒரகடம் போனால் அணி வருகிறது. எங்கள் ஊர் மண்ணுக்கும் அந்தப் பந்துக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தமில்லை, பரிகாரம் செய்ய ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்கா பஞ்சம்?

வரப்போகும் சீசன் நிலவரம் கேட்டீர்கள் அல்லவா. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் பேஸ்பாலும் உண்டு, கிரிக்கெட்டும் உண்டு. ஹிரோஷிமா கார்ப் அணிக்கு ஆடிய ஷோகோ கிமுரா என்ற ஜப்பானியர், பேஸ்பாலில் வேலை முடிந்ததும் கிரிக்கெட்டுக்கு மாறி, ஐ.பி.எல். ஆடவேண்டும் என்று கிளம்பினார். அவரும் பிட்சர் இல்லை.